டிரெய்லருக்கு நல்ல தண்ணீர்

மார்ச் 9, ஞாயிறு

பதினேழு மீன். ஜாய்ஸ் பத்து, நான் ஏழு. வீடு வந்து சேரும்வரை என் தங்கை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். போட்டை இறக்கி வைத்ததும் வழக்கம்போல, கடலில் இறங்கி வந்த டிரெய்லரின் அடிப்பக்கம் முழுவதையும் உப்புப் போக அரை மணி நேரம் குழாய் பிடித்துக் கழுவினேன். பக்கத்துப் பண்ணை கிளைட் தன் டிரெய்லரை ஒருநாளும் கழுவியதில்லை. சோம்பேறி.

மார்ச் 15

சக்கரத்துக்கு கிரீஸ் வைக்க அடியில் படுத்தேன். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் வெள்ளைப் பொடி. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினால் ஓரிடத்தில் அலுமினியம் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. நானா இப்படி விட்டேன்? கழுவிக் கழுவித்தானே வைத்தேன்!

மார்ச் 16

"போட்டை வித்துடலாம்க்கா. உனக்கு முட்டி வலி, எனக்கு முதுகு வலி. இதுல டிரெய்லருக்கும் வியாதி" என்றாள் ஜாய்ஸ்.

அவள் புருஷன் போன பிறகு இங்கே வந்தவள், முதல் தடவை வாய்விட்டுச் சிரித்ததே அந்தப் போட்டில்தான். போட் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் என்னதான் பேசுவது?

மார்ச் 22

டவுனிலிருந்து வெல்டிங்காரன் ரஸ் வந்தான். அடியில் புகுந்து பார்த்துவிட்டு, என் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தான். தூ என்று துப்பினான்.

"மார்லீன்க்கா, இதுலயா கழுவுறீங்க?"

"போர் தண்ணிதான். பின்ன?"

"உப்பு கரிக்குதே! கடல் உப்பைக் கழுவ உப்புத் தண்ணி. இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஒட்டுற இடத்துல உப்பு தங்கினா, அலுமினியத்தைத் தின்னுடும். கிளைட் வண்டியும் இதே கதிதான், ஆனா அவர் கழுவிக் கஷ்டப்படல."

ஜாய்ஸ் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து போய்விட்டது. எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும். பதினோரு வருஷம்!

ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் மாற்றினால் போதுமாம். ஆனால் இனி நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் மழைத்தொட்டி. அதன் குழாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறாள் ஜாய்ஸ். டீக்கும் சமையலுக்கும் மட்டும்.

ஏப்ரல் 12

புதுச் சட்டம் வந்தாயிற்று. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் பிளாஸ்டிக் வளையம். மேலே உப்பு அண்டாமலிருக்க, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகை நானே படுத்துப் பூசினேன். உடம்பெல்லாம் ரோமம் வெட்டும் கொட்டகை நாற்றம். நாய் என் பின்னாலேயே சுற்றுகிறது. ஜாய்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாள், விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மே 4

மழை இல்லை. தொட்டியில் முழங்கால் அளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

கடலுக்குப் போனோம். அவள் ஆறு, நான் ஒன்பது. வீடு திரும்பியதும் வேறு வழியில்லாமல் போர் குழாயையே எடுக்கப் போனேன். ஜாய்ஸ் தொட்டிப் பூட்டைத் திறந்துகொண்டு நின்றாள்.

"நாலு வாளிக்கா. ஒரு சொட்டு அதிகம் எடுத்தே, பாரு!"

அடிப்பக்கம் முழுவதும் மெதுவாகக் கழுவினேன். சாயங்காலம் போர் தண்ணீரில் டீ போட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தோம்.