மூச்சில் வந்த வாசனை

ஜூன் 12

புதூர்நாட்டுக்கு மேலே மருத்துவ முகாம். ஜீப் பாதி மலையில் நின்றுவிட்டது, தள்ளித்தான் ஏற்றினோம். டாக்டருக்குத் திருப்பத்தூரில் மீட்டிங், மதியத்துக்கு மேல்தான் வந்தார். அதுவரை சுகாதார ஊழியன் நானும் நர்ஸ் தமிழரசி அக்காவும் மட்டும். சுகர் டெஸ்ட் முப்பது வயதுக்கு மேல் என்று எழுதி ஒட்டியிருக்கிறது, எவனும் படிப்பதில்லை.

ஒரு பெண், பேர் ரஞ்சிதம், ஏழு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வாந்தி, வயிற்றுவலி, ஓயாமல் தண்ணீர் கேட்கிறாளாம். குனிந்தேன். பிள்ளையின் வாயிலிருந்து குப்பென்று பழ வாசனை. இந்த மாதம் மலையில் ஆடு மூச்சுவிட்டாலும் பலாப்பழம்தான்.

"எத்தினி சுளை குடுத்தீங்க?"

"துன்னல சார். ரெண்டு நாளா ஒண்ணுமே துன்னல."

"வாயே சொல்லுதே. புள்ளைக்கு அளவா குடுக்கத் தெரியாதா? பொய் வேற."

வரிசையில் சிரித்தார்கள். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 13

அக்கா போன் செய்தார். நேற்று வந்த பிள்ளை சுவேதா மயங்கிவிட்டாள். திருப்பத்தூரில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே சுகர் மெஷினில் எண்ணே வரவில்லையாம், அவ்வளவு சர்க்கரை.

அது பழ வாசனை இல்லை.

ஜூன் 14

தூக்கமில்லை. செல் உணவிலிருந்து சக்தி எடுப்பது எப்படி என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்பு வரை படம் போட்டேன். இன்சுலின் இல்லாவிட்டால் தசைச் செல்லுக்குள் சர்க்கரை சரியாக நுழையாது. ரத்தத்தில் வெள்ளம், செல்லுக்குள் பட்டினி. உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும். அந்த எரிப்பில் கீட்டோன் என்ற கழிவு சேரும், ரத்தம் அமிலமாகும், மூச்சு பழம் மாதிரி மணக்கும். தாகம், வாந்தி, வயிற்றுவலி — எல்லாவற்றையும் அந்த அம்மா வரிசையாகச் சொன்னாள். மெஷின் என் கையில்தான் இருந்தது. ஒரு சொட்டு ரத்தம்.

நான் கொடுத்த பொட்டலத்திலும் சர்க்கரை.

ஜூன் 16

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் திறந்துவிட்டாளாம். வார்டு வாசலில் பிள்ளையின் அப்பா கோவிந்தன் பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான். "சாரே சொன்னாரு, ஊரே கேட்டுச்சு. பழத்தக் குடுத்து புள்ளைய சாவடிக்கப் பாத்தியேடி." அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சாரே சொன்னாரு. அந்த சார் தூணுக்குப் பின்னால் நின்றான். பிறகு பஸ் ஏறிவிட்டான்.

ஜூன் 17

ஏன்டா வாயத் தொறக்கல?

ஜூன் 20

அக்காவிடம் என் தப்பைச் சொன்னேன். "ஒருநா எல்லாருக்கும் நடக்கும்" என்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார். "திட்டும்போது மட்டும் ஊரு வேணும், இதுக்கு நான் ஒருத்தி போதுமா?"

ஜூலை 3

மேலே முகாம். ரஞ்சிதம் குடும்பம் மூன்று பேரும் வந்தார்கள். சுவேதா இளைத்துப்போயிருக்கிறாள். இனி தினமும் ஊசி. என்னைப் பார்த்ததும் அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள். அக்காதான் ரத்தம் பார்த்தார்.

வரிசை நீளமாக இருந்தது. எழுந்து நின்றேன். "அன்னிக்கு இந்த அம்மா பொய் சொல்லல. நான்தான் டெஸ்ட் பண்ணாம விட்டேன்."

கோவிந்தன் நம்பவில்லை. "அப்ப அந்த வாசன?"

"வூட்டு வாசல்ல வெறகு குவிஞ்சு கெடக்குது. கதவு பூட்டிக்கிச்சு. உள்ள இருக்கறவங்க இன்னா வெச்சு அடுப்பெரிப்பாங்க?"

அவன் யோசித்தான். "கூரையப் பிச்சுத்தான்."

"உங்க பொண்ணு உடம்பு அதத்தான் பண்ணுச்சு. சர்க்கரை வெளியவே நின்னுடுச்சு, உள்ள கொழுப்பு எரிஞ்சுது. அந்தப் பொகைதான் வாசன. கதவத் தொறக்கறதுதான் இந்த ஊசி. பழத்தால வந்த நோவு இல்ல. யாரு குடுத்தும் வர்ல."

கோவிந்தன் பெண்டாட்டி பக்கம் திரும்பவில்லை, தரையைப் பார்த்தான். ரஞ்சிதம்தான் பேசினாள்.

"துன்னலன்னு சொன்னேன் இல்ல சார்?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 17

அக்கா லீவு. மெஷினை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. சுவேதா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "நீ வாணாம், போ."

காத்திருப்பது எனக்கு வராது. காத்திருந்தேன். பின்னால் ஒரு பெரியவர், "புடிச்சு குத்துங்க சார், நேரமாவுது" என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"காலைல இன்னா சாப்ட?"

"களி."

"வேற?"

"அவ்ளோதான்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சரி என்று தலையாட்டி, அட்டையில் களி என்று எழுதினேன். எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டினாள். முகத்தை அம்மாவின் புடவைக்குள் வைத்துக்கொண்டு.