அகராதிக்குள் வைத்த புகைப்படம்

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அப்பா ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். அரசு ஊழியர் காப்பீட்டுக்குக் குடும்ப விவரத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். பெரியகுளத்தில் அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏ ஆத்தா, நீயே எழுதிரு. கையெழுத்து எங்கன்னு மட்டும் காட்டு."

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் படிவம் எழுதுவது நான்தான். முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம். அடித்தல் திருத்தல் இருக்காது. பதினொன்றாம் வகுப்பிலேயே என் எழுத்துதான் அழகு என்று என் வகுப்புத் தோழி எப்சிபாகூட ஒப்புக்கொள்வாள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கூடவே ஓர் உறை. உள்ளே கோயிலில் வாங்கிய திருமணச் சான்று, அம்மாவின் இறப்புச் சான்று, சின்னமனூர் ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படம். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் சகாயராணி. பிப்ரவரியில் அப்பா கட்டிக்கொண்டவர். சித்தி என்று கூப்பிடச் சொல்கிறார்கள். நான் எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க" என்று சமாளித்துவிடுவேன்.

படிவத்தின் முதல் கேள்வி: குடும்ப விவரத்தில் மாற்றம் உண்டா? இரண்டு கட்டங்கள். உண்டு என்றால் அடுத்த பக்கத்தில் பழைய பெயரை நீக்கிப் புதுப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

நீக்க வேண்டிய பெயர் லூர்து மேரி. அம்மா.

எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன். மறுபடி உட்கார்ந்து, "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அப்பா வாசிக்கவில்லை. நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 9

உறையில் வெறும் படிவம் மட்டும் போயிற்று. ஒட்டிக் கொடுத்தது நான். மற்றதெல்லாம் என் ஆங்கில அகராதிக்குள் இருக்கின்றன.

ஜூன் 15, ஞாயிறு

பூசையில் யாரோ ஒரு ஜோடிக்குச் சாமியார் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். ஜனவரியில் அப்பா பெயருக்கும் மூன்று ஞாயிறு இப்படித்தான் வாசித்தார்கள். மூன்று தடவையும் நான் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தடை எதுவும் தெரியாது. பிடிக்கவில்லை என்பது தடை ஆகுமா?

கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. இப்போது யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். இதற்குப் பெயர் என்ன?

ஜூலை 20

திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டிக்கொண்டிருந்த சகாயராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கடியிலேயே சுருண்டுவிட்டாராம். உடன் வேலை செய்பவர்கள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். சாயங்காலம் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். காய்ச்சலும் இருக்கிறது. நாளை தேனிக்குப் போகிறோம்.

"பயப்படாத ஆத்தா, காப்பீடு இருக்குல்ல" என்கிறார் அப்பா. என்னிடம் சொல்கிறார்.

ஜூலை 21

எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "மனைவி பேரு லூர்து மேரின்னு இருக்கு. இவுங்க யாரு?" என்றார்.

"போன மாசமே மாத்தி எழுதிக் குடுத்தாச்சே மேடம்."

"இங்க ஏறலையே சார்."

அப்பாவோடு வேலை பார்க்கும் முத்துராஜா மாமா துணைக்கு வந்திருந்தார். அப்பாவைத் தள்ளிக் கூட்டிப்போய், "ஏலே ஞானதுரை, அங்கன நின்னு சத்தம் போடாத. அட்டையில இருக்க பேரையே சொல்லிப் படுக்கச் சொல்லு. ஆதார் கேட்டா வீட்டுல இருக்குன்னு சொல்லு. அட்டையில படம் பழசு, யாரு உத்துப் பாக்கப் போறா?" என்றார்.

அப்பா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நான் தண்ணீர் பாட்டிலோடு சகாயராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலியில் குனிந்தே இருந்தவர் நிமிரவில்லை.

"அது அக்கா பேரு. செத்தவுக பேருல நான் போயிப் படுக்க மாட்டேன். மாத்திரை வாங்கித் தாங்க, போவோம்."

டாக்டர் காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை எழுதினார். ஒரு மாதத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், அதற்குள் மறுபடி வலி வந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது என்றார்.

அம்மா பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தானே குறி போட்டேன்? இன்று அதைக் காப்பாற்றியது நானா?

ஜூலை 22

அப்பா செல்வமணி சார்மேல் கோபமாக இருக்கிறார். அவர்தான் படிவங்களை வாங்கி மேலே அனுப்பியவர். மே மாதம்தான் மாறுதலில் வந்தார். அப்பாவின் இரண்டாம் கல்யாணமே அவருக்குத் தெரியாது.

"கவரத் தொலச்சிட்டுக் கமுக்கமா இருக்கான். ஆபீசர்கிட்ட எழுதிக் குடுக்காம விடமாட்டேன். ஆத்தா, நல்லா உறைக்கிற மாதிரி ஒரு மனு எழுது."

அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். பொருள் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. உள்ளே சகாயராணி புரண்டு படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜூலை 23

சொல்லிட்டேன். ரெண்டு பேரு முன்னாலயும் அகராதியை விரிச்சு வச்சு சொல்லிட்டேன்.

அப்பா, "ஏன் ஆத்தா?" என்றார். அவ்வளவுதான்.

அவுக புகைப்படத்தை எடுத்து, முந்தானையால துடைச்சு, அலமாரியில வச்சுட்டு வெளியே போயிட்டாக.

அடிச்சிருக்கலாம். ஏன் அடிக்கல?

ஜூலை 24

சகாயராணிக்கு எண்ணெய் ஆகாது, ரசம் சோறுதான். என் தட்டில் மட்டும் முட்டை பொரித்து வைத்திருந்தார். அந்த முட்டையை எப்படித் தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 25

பள்ளிக்கு லீவு. அப்பா என்னைப் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தே வந்தார்.

செல்வமணி சார் கோப்பைப் புரட்டி என் படிவத்தை எடுத்தார். "மாற்றம் இல்லைன்னுதான சார் குடுத்திருக்கீங்க? எழுத்து முத்து மாதிரி இருக்கு. யாரு எழுதுனது?"

"எம் மகதான்" என்றார் அப்பா. எத்தனையோ தடவை இதே வார்த்தையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "தப்பு எங்க பேர்லதான் சார். உங்களத்தான் தப்பா நெனச்சுட்டேன்."

நான் "மன்னிச்சிருங்க சார்" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் புதுப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

நீக்கும் பெயர்: லூர்து மேரி. காரணம்: மரணம். எழுதிவிட்டேன். எழுத்து கோணியது.

சேர்க்கும் பெயர்: சகாயராணி. பிறந்த தேதி?

எனக்குத் தெரியாது. ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்பா போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

"பிறந்த தேதி கேக்குறாக..."

"மே பதினாலு, எம்பத்தாறு." கொஞ்சம் நிறுத்தி, "இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுது" என்றார்.

"சரி, சித்தி."

அவர் போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3

மறுபடி வலி. நல்லவேளை, ஒரு மணி நேரத்தில் அடங்கியது. நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அப்பா சொல்ல, பெயர் ஏறட்டும், ஒரு வாரம் பார்ப்போம் என்கிறார் சித்தி. அந்த ஒரு வாரம் என்னால்.

ஆகஸ்ட் 11

பெயர் ஏறிவிட்டது. செல்வமணி சாரே போன் செய்து சொன்னார்.

ஆகஸ்ட் 14

காலையில் அறுவை முடிந்தது. சாயங்காலம் நர்ஸ் சின்ன பாட்டிலில் கற்களைக் கொடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சித்தி கண்ணை மூடியபடியே, "ஏ புள்ள, இதையும் கொண்டுபோயி உன் புத்தகத்துக்குள்ள ஒளிச்சிராத" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்வி உதவித்தொகைக்கான படிவத்தை எழுதி முடித்து அப்பாவிடம் நீட்டினேன். பழக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துவிட்டேன்.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். என் பெயர், வகுப்பு, ஊர். ஆட்காட்டி விரல் ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்ந்தது.

அடுப்படியிலிருந்து சித்தி, "போட்டுக் குடுங்க, புள்ள நிக்கிறால்ல" என்றார்.

"வாசிச்சிட்டுப் போடுறேன்."

நான் விரலை எடுத்துக்கொண்டேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். நின்றுகொண்டே இருந்தேன்.