கோடி வேஷ்டியில் வடிகட்டிய பெட்ரோல்

நேற்று பழவங்காடி பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ நடுவழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் குனிந்து எதையோ கழற்றினார். பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நன்றாக இழுத்து மூச்சுவிட்டேன். நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது இதுதான் முதல் தடவை.

கரமனைத் தெருவில் ஆண்கள் எல்லோரும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். கொண்டுவந்தீர்கள் என்பதைவிடத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்று சொல்வதே சரி. டைப்ரைட்டிங் வகுப்பு நடத்துகிறவருக்கு இது எதற்கு என்று உங்கள் அம்மா கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். டைப்ரைட்டர் எழுத்துகளைப் பிரஷ் வைத்துத் துடைத்த விரல்களால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் செய்தித்தாளை விரித்து, கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்புவீர்கள்.

செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது உங்கள் வழக்கம். "இது ஃப்ளோட். மிதந்து மேல வந்தா பெட்ரோல் நிக்கணும். இது ஜெட். இந்த ஓட்டை வழியாத்தான் எல்லாம் போகணும்." யாருக்குச் சொன்னீர்களோ தெரியாது. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த எனக்கு அது அத்தனையும் மனப்பாடமாகிவிட்டது. அதிலும் ஒன்றை வாராவாரம் சொல்வீர்கள்: "ஜெட்டுக்குள்ள கம்பி விடறவன் வண்டிக்குச் சத்ரு." ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானால் போதும், அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடித்தே தீர்த்துவிடும் என்பீர்கள்.

எனக்குப் போனக்காடு மலையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது அப்போதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும். மருமகள் மலையில் தனியாக இருப்பதா என்று உங்கள் அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாள் நாளாகத் தள்ளி, கடைசி நாள் வந்துவிட்டது. அன்று மத்தியானம் பன்னிரண்டுக்குள் பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால், வேலை பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். முதல் நாள் ராத்திரி, விடியற்காலைப் பஸ்ஸில் போகிறேன் என்றேன். "வேண்டாம், நானே கொண்டு விடறேன்," என்றீர்கள். நானும் நம்பி ஏறிவிட்டேன்.

மலையடிவாரத்து விதுரை வரை வண்டி சமர்த்தாக வந்தது. ஏற்றம் தொடங்கியதும் இருமியது. பிறகு நின்றது. நீங்கள் பிளக்கைக் கழற்றித் துடைத்தீர்கள். உதைத்ததும் கிளம்பியது, நின்ற இடத்தில் அழகாக ஓடியது, கொஞ்ச தூரம் ஏறியதும் மறுபடி நின்றது. பிளக்கை மறுபடி துடைத்தீர்கள். மறுபடி அதே கதை. மணி பத்தைத் தாண்டிவிட்டது. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. காலைப் பஸ் நமக்கு முன்னாலேயே மலை ஏறிப் போயிருந்தது.

மூன்றாவது தடவை நீங்கள் பிளக்கில் கை வைத்தபோது எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"ஏன்னா, நான் போறது உங்களுக்கு இஷ்டமில்லேன்னா ஆத்துலயே சொல்லியிருக்கலாமே. இப்படி நடுக்காட்டுல நிறுத்தணுமா?"

நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். பிளக்கைத் திரும்பப் போட்டு இறுக்கினீர்கள். ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன், அவ்வளவு கோபம்.

கோபத்திலும் காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது போலிருக்கிறது. அடுத்த தடவை நீங்கள் கிளப்பியபோது காற்று போகும் வழியான சோக்கைப் பாதி அடைத்து வைத்தீர்கள். வண்டி முன்னைவிடச் சற்று அதிக தூரம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எனக்கு ஞாபகம் வந்தது.

"காத்தை அடைச்சா ஏறறது. அப்போ பெட்ரோல்தானே பத்தலை? பிளக்கை விட்டுட்டு ஜெட்டைப் பாருங்கோ."

உங்களுக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. ஆனாலும் கழற்றினீர்கள். ஃப்ளோட் கிண்ணம் நிறையப் பெட்ரோல் இருந்தது; அப்படியானால் அடைப்பு ஜெட்டில்தான். பித்தளை ஜெட்டை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தீர்கள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தீர்கள். "ஒண்ணும் தெரியலையேடி. உன் ஹேர்பின்னைக் குடு," என்றீர்கள். நீங்களா கேட்டீர்கள், ஜெட்டுக்குள் கம்பி விட? எவ்வளவு பயந்துபோயிருந்தால் அப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு, "தரமாட்டேன்," என்று சொல்லத்தான் தெரிந்தது.

ஜெட்டை வாங்கி வாயில் வைத்து ஊதினேன். நாக்கெல்லாம் எரிந்தது. ஒரு நுனி வெளியே வந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன். வெள்ளை நூல் பிசிறு. கிண்ணத்தின் அடியிலும் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ கிடந்தது. தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். துணிக் கஞ்சி.

"இதென்ன?"

நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "எப்பவும் பழைய வேஷ்டியிலதான் வடிகட்டுவேன். நீ நல்ல காரியத்துக்குப் போறயே, அழுக்குத் துணி வேண்டாம்னு கோடி வேஷ்டியைக் கிழிச்சு மூணு தரம் வடிகட்டினேன். அது பிசிறு விடும்னு தோணலை, கேட்டயா."

நம் வீட்டில் நல்ல காரியம் எதற்கும் கோடி வேண்டும். பெட்ரோலுக்கும் வேண்டும் என்று நினைத்த ஒரே மனிதர் நீங்கள்தான். முதல் நாள் ராத்திரி வரை வாயைத் திறக்காமல் இருந்தவர், விடியுமுன் எழுந்து எனக்காகப் பெட்டியிலிருந்து புது வேஷ்டியை எடுத்துக் கிழித்திருக்கிறீர்கள். அந்தக் கணத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "சீக்கிரம் மாட்டுங்கோ, நேரமாறது," என்றேன்.

டேங்க்கில் மிச்சம் இருந்த பிசிறு இன்னும் இரண்டு தடவை அடைத்தது. இரண்டு தடவையும் நீங்கள் கழற்ற, நான் ஊதினேன். பள்ளியில் போய் நின்றபோது பன்னிரண்டுக்குச் சில நிமிஷங்களே இருந்தன. பாறசாலைக்காரரான தலைமையாசிரியர் என் கையைப் பார்த்துவிட்டு, "டீச்சரே, மொதல்ல ஒப்பிடுங்க. சோப்பு பொறவு தாரேன்," என்றார். கையெழுத்துப் போட்டேன்; பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ரேகை விழுந்தது. நீங்கள் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உள்ளே எட்டி எட்டிப் பார்த்தீர்கள்.

அதற்கப்புறம் பதினொரு வருஷம் நான் அங்கே வேலை பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானத்தோடு வகுப்பை மூடிவிட்டு என்னை அழைத்துப்போக மலை ஏறி வந்தீர்கள். மழையில் வந்தீர்கள், காய்ச்சலோடு வந்தீர்கள். பஸ் இருக்கிறதே என்று நான் சொன்னால், "சாரமில்லை," என்று தட்டிவிட்டு, "வண்டிக்கும் ஓட்டம் வேணுமே," என்பீர்கள். கடைசியில் எனக்கு ஊருக்குள் மாற்றல் கிடைத்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. நீங்கள் மட்டும், "இனிமே வெள்ளிக்கிழமை நான் என்ன பண்ணுவேன்?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நடுக்காட்டில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை. அதைப் பற்றி ஒருநாளும் குத்திக்காட்டவும் இல்லை. இந்த வாரம் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பில் நின்றுகொண்டு நினைப்பேன். அப்புறம் கீழே வளைவில் வண்டிச் சத்தம் கேட்கும். சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோகும்.

இப்போது எந்தச் சத்தமும் வருவதில்லை. அதனால் மறப்பதும் இல்லை. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.