ஒரு பிடி நீறு

இராமேசுவரம்,
ஆடி அமாவாசைக்கு மறுநாள், 1956

அன்புள்ள அத்தானுக்கு,

மீனம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க இத்தனை நாளாகக் கை வரவில்லை. உங்கள் மூன்று கடிதங்களுக்கும் பதில் பிந்தியது அதனால்தான். அத்தைக்கு மூட்டுவலி தேவலை. சேதுலட்சுமி நன்றாகச் சாப்பிடுகிறாள். அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் மடித்து அனுப்பிய பழனி விபூதி சிந்தாமல் வந்தது. பூசிக்கொண்டாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சம்புடத்தில் கொட்டி வைத்தேன். இந்த உடம்பு முடிவில் ஒரு பிடி நீறுதான், அதை மறக்காமலிருக்கத்தான் நெற்றியில் இடுகிறோம், காலேஜில் படித்தவள் நீ, யோசித்தால் மனசு ஆறும் என்று எழுதியிருந்தீர்கள். யோசித்தேன். நம் தங்கசாமி அந்த ஒரு பிடி நீறாகக்கூட ஆகவில்லையே, அத்தான்.

பல் முளைக்காத பிள்ளையை எரிக்கிற வழக்கமில்லை, மண்ணுக்குத்தான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கீழ் ஈறில் அரிசி முனை போல ஒன்று வந்துவிட்டது, பால் குடிக்கையில் கடித்தான் என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். துணியில் சுற்றியவனை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். அந்த மாதமே ஸ்டேஷன் வேலையைப் போத்தனூருக்கு மாற்றிக்கொண்டு ரயிலேறிவிட்டீர்கள். மூன்று கடிதத்திலும் அவன் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

பெண்கள் போகக் கூடாத இடம் என்று தெரிந்தேதான், அவனைப் புதைத்த மணல்மேட்டுக்குப் போன வாரம் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். தாழம்புதருக்குக் கிழக்கே, தலைமாட்டில் ஒரு பவளப்பாறைக் கல் நட்டதாக நீங்கள் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஆனியிலிருந்து ஓயவில்லை. புதர் பாதி மணலுக்குள் போய்விட்டது. கல்லைக் காணோம். எங்கே தோண்டுவது, எங்கே தோண்டக் கூடாது என்று எதுவும் தெரியாமல் கையால் அள்ளி அள்ளிப் போட்டேன். பஞ்சம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மணலு ஒரு இடத்துல நிக்கவா செய்யும் ஆத்தா, நேத்து இங்கன இருந்த மேடு இன்னைக்கு அங்கன கெடக்கும், எந்திரி என்றாள்.

நேற்று அமாவாசைக் கூட்டம். அக்னி தீர்த்தத்தில் வடநாட்டுக்காரர் ஒருவர் சின்ன மண்கலயத்தைக் கடலில் கவிழ்த்தார். அது என்னவென்று சேது கேட்டதற்கு, அவுக வீட்டு ஆளு, சாம்பலாக் கொண்டாந்து கரைக்கிறாக, இனி சாமிகிட்டப் போயிருவாக என்று பஞ்சம்மாள் சொல்லிவைத்தாள். சற்று நேரத்தில் சேதுவைக் காணவில்லை. இவளும் போய்விட்டாள் என்றே நினைத்தேன். தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் அந்தக் கூட்டத்தில் ஓடினேன்.

அவள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். முழங்காலளவு தண்ணீரில் நின்று, பாவாடையில் மறைத்துக் கொண்டுவந்த சம்புடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அடிப் பாவி மகளே, திருநீறக் கொண்டுபோயி உப்புத் தண்ணியிலயா கொட்டுவ என்று பஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தம்பியக் கரைச்சிட்டேன், இனிமே அம்மா தேட வேணாம் என்று சேது சிரித்தாள். நீங்கள் அனுப்பியது அத்தனையும் பால் கொட்டியதுபோல் கொஞ்சம் வெளுத்துக் கிடந்தது. அடுத்த அலை வந்ததும் வெறும் தண்ணீர்தான்.

நான் அடிக்கவில்லை. கரைத்தவர்கள் முழுகுவதுபோல அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முழுகினேன். பஞ்சம்மாளும் பக்கத்தில் முழுகினாள். அதோடு என் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. நாலு வயசுக்காரி நம்புகிறாள். எனக்கு அது பழனிச் சாம்பல்தான். இன்று காலையில் அத்தை சம்புடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கழுவிக் கவிழ்த்தார்.

இனி விபூதி அனுப்ப வேண்டாம். லீவு கேட்டுக்கொண்டு நீங்கள் வாருங்கள். ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் மணல் வேறு பக்கம் போய்விடும். அதற்கு முன்னால் வந்து இடத்தைக் காட்டுங்கள். உங்களுக்கும் அடையாளம் தெரியாமல் போனால் பாதகமில்லை. ஏதாவது ஒரு மணலைத் தொட்டு, இங்கேதான் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கசாமியின் அம்மா
மீனம்மாள்