கம்பளி கண்டு ஓடாத ஆடுகள்

காந்தலூர்,
ஆங்கிரச வருஷம், தை 12.

சாந்தன்பாறை ஏலத்தோட்ட ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி வீரபாண்டிக்கு அண்ணன் சங்கையா எழுதிக்கொண்டது. நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீ செய்தது அநியாயம். வரையாடுகளைக் காக்க நாம் வைத்த சங்கத்தின் கம்பளி நான்கையும் எஸ்டேட் துரையின் விருந்தாளிகளுக்கு எடுத்துக் கொடுத்தாய். அவர்கள் அதைப் போர்த்திக்கொண்டு மொட்டைப்பாறைக்கு ஏறிப்போய், வெள்ளைமுதுகுக் கடாவைப் பத்தடி தூரத்தில் நின்று சுட்டார்கள். அதை வேட்டை என்று சொல்லாதே. கட்டிப்போட்ட மாட்டைச் சுடுவதற்கும் இதற்கும் ஒரு கயிறுதான் வித்தியாசம்.

நம் சங்கத்துச் சுடலை கீழே சரிவில் விறகு கட்டிக்கொண்டிருந்தான். நாலு கறுப்புக் கம்பளி மேலே போவதைப் பார்த்திருக்கிறான். அந்த வாரம் முறை வந்த நம் ஆட்கள்தான் ஆடு எண்ணப் போகிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினானாம். என்னிடம் வந்து அழுதான். “நம்ம ஆளுகன்னு நானே கைய ஆட்டுனேம்யா. கடாவும் அப்படித்தான நெனச்சிருக்கும்” என்றான். வெடிச் சத்தம் கேட்ட பிறகும் மற்ற ஆடுகள் ஓடவில்லையாம். கடா விழுந்த இடத்தைச் சுற்றி நின்றுகொண்டு, உப்பு எப்போது வரும் என்று அந்த ஆட்களின் கையையே பார்த்தனவாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிழட்டுக் கடா, அடுத்த மழைக்குத் தானே விழுந்திருக்கும் என்கிறாய். எனக்கும் அறுபத்துநான்கு ஆகிறது. அடுத்த மழையை நானும் பார்ப்பேனோ என்னவோ, அதற்காக யாரும் என்னைச் சுட வரவில்லை. வடக்கே ஏதோ ஜமீனுடைய காட்சிசாலையில் கடாவுக்கு வைக்கோல் அடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்துவார்கள், பெட்டியின் அடியில் நம் சங்கத்தின் பெயரும் காரியதரிசி என்று உன் பெயரும் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். பட்டணத்து ஜனங்கள் அந்த மாதிரி இடத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அங்கே உன் பெயர் இருக்கட்டும். என் பெயர் இருந்தால் சுரண்டி எடுத்துவிடச் சொல்.

கடா விழுந்த எட்டாம் நாள் உனக்கு எஸ்டேட்டிலிருந்து சாந்தன்பாறை ஆபீசுக்கு மாற்றல் வந்தது, நாற்காலியோடு. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்கிறாய். நான் கேட்கவே இல்லையே, நீயாகத்தான் சொல்கிறாய்.

சங்கத்து விதிப் புத்தகத்தின் மூன்றாம் விதியை எழுதியவன் நான். பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஆட்களின் பெயர் வாசிக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்து எழுத்துப் படித்தவன். உன்னைப் போல ஆறாம் வகுப்பு போனவன் இல்லை. ஆனாலும் பிழையில்லாமல்தான் எழுதினேன். சங்கத்தார் எந்த மிருகத்தையும் கொல்லலாகாது, கொல்பவருக்கு உதவவும் ஆகாது. அதன் கீழே தலைவர் என்று துரை கையெழுத்துப் போட்டார். அடுத்த கையெழுத்து உன்னுடையது.

இனி எனக்குப் பிடிக்காத விஷயத்தை எழுதுகிறேன். ஆடுகளைப் பழக்கியது என் யோசனை. எண்ணுவதற்குப் பக்கத்தில் போனால்தான் குட்டி எது, பெட்டை எது என்று தெரியும் என்று சொன்னவன் நான்தான். ஞாயிறுதோறும் இரண்டு பேர், சில வாரம் நாலு பேர், அதே கறுப்புக் கம்பளி, அதே பாறை, கையில் கல்லுப்பு. முதல் வருஷம் நம் தலை தெரிந்ததுமே அவை செங்குத்துப் பாறையில் இறங்கி மறைந்தன. மூன்றாம் வருஷம் என் செருப்பை நக்கின. பத்தொன்பது ஆடு நாற்பத்தாறு ஆடு ஆயிற்று. நாம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டோம்.

நமக்கு எண்ணிக்கை நோட்டு எழுதும் லயத்துப் பள்ளிக்கூடத்து மதலேனம்மாள் அப்போதே கேட்டாள். “பெரியவரே, பயந்து ஓடுறதுதான அதுக்கு இருக்க ஒரே வேலி? அதையும் நாம பிடுங்கிட்டா எப்படி?” என்றாள். நான் எல்லார் முன்னாலும், “டீச்சரம்மா, நீங்க பிள்ளைகளுக்குப் பட அட்டை காட்டுங்க, ஆட்ட நாங்க பாத்துக்கிடுதோம்” என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீதான் ரொம்பச் சிரித்தாய். அவள் எண்ணிக்கை நோட்டை மூடினாள்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். மாசி பிறந்ததும் அந்தக் கூட்டம் மறுபடி வருகிறது, பெட்டிக்குள் கடாவுக்குப் பக்கத்தில் நிறுத்த ஒரு பெட்டையும் ஒரு குட்டியும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். குட்டி போட்ட ஆடுகள் எந்தப் பாறையில் தங்குகின்றன என்று என்னிடமே கேட்கிறாய். அதை நான் எழுத மாட்டேன். ஆனால் நான் எழுதாவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றால் போதும், அவையே தேடி வந்துவிடும்.

துரைக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. பங்களாவுக்கு நேரில் போனேன். வராந்தாவிலேயே நிறுத்தி, “கெழவன வீட்டுல வெத்தல இடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்றாரு” என்று பட்லர் வந்து சொன்னான். வனத்து அதிகாரியைப் பார்க்க மறையூருக்கு நடந்தேன். காட்சிசாலைக்கு என்றால் அனுமதிச் சீட்டு உண்டு என்று அவர் சீட்டையே எடுத்துக் காட்டினார். ஆக, சட்டம் அவர்கள் பக்கம். கம்பளியை நீ கொடுக்காவிட்டாலும் மூணாறில் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள்.

பாக்கி இருப்பது ஒரே வழி. நாம் கொடுத்த தைரியத்தை நாமே திரும்ப எடுக்க வேண்டும். கம்பளி என்றாலே அவை கண்காணாமல் ஓட வேண்டும்.

போன ஞாயிறு நான் தனியாக ஏறினேன். வீட்டில் கிடந்த கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, மடியில் கல் கட்டிக்கொண்டு போனேன். மூளிக்காதுப் பெட்டை முன்னால் வந்தது, பின்னால் நாலு நாள் குட்டி. அந்தப் பெட்டை வந்தால்தான் மந்தை வரும், அது ஓடினால் எல்லாம் ஓடும், உனக்கே தெரியும். ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். முழத் தூரம் தள்ளி விழுந்தது. மூளிக்காது நடந்து வந்து அந்தக் கல்லை நக்கிப் பார்த்தது, உப்பு என்று நினைத்து. குட்டியும் வந்து நக்கியது. பிறகு இரண்டும் என்னை அண்ணாந்து பார்த்தன.

இரண்டாவது கல்லை எறிய முடியவில்லை. கல்லையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு இறங்கினேன். வீட்டில் வந்து தோள் பிசகிவிட்டது என்றேன். உன் மதினி அழகுத்தாய் அரைக் கிண்ணம் எண்ணெய் தேய்த்துவிட்டு, “சுளுக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, எண்ணெய்க்குப் பிடிச்ச கேடு” என்று போனாள். உன் சின்னவளுக்கு இருமல் நின்றதா என்று கேட்கச் சொன்னாள். இந்த வருஷம் பூண்டு நன்றாகத் திரண்டிருக்கிறது. மேல் வயலில் பன்றி புகுந்து இரண்டு பாத்தியைக் கிளறிவிட்டது. மற்றபடி விசேஷம் இல்லை.

ஆகவே ஆக வேண்டியதைச் சொல்கிறேன். கவனமாகப் படி.

அழகுத்தாய் உப்பு மூட்டையைக் கட்டி வைத்துவிட்டாள். இனி ஒரு கல் உப்பும் மலை ஏறாது.

சுடலை காலி மண்ணெண்ணெய் டின் நாலு சேர்த்திருக்கிறான். பாறைக்கு மேற்கே நின்று அடிப்பான். கிழக்கே அடிக்கக் கூடாது, குட்டிகள் பள்ளத்தில் விழும். இதை அவனிடம் சொல்லிவிட்டேன், நீயும் வந்ததும் சொல்.

மதலேனம்மாள் நோட்டில் எழுத வேண்டும். முன்பு எத்தனை ஆடு என்று எழுதினாள். இனி எத்தனை கஜத்தில் ஓடின என்று எழுதுவாள். இருநூறு கஜம் ஆகும்வரை நிறுத்தக் கூடாது. அவளிடம் கேட்க வேண்டியவன் நான்தான். நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். என் தப்பைப் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அன்று எல்லார் முன்னாலும்தானே சிரித்தோம்.

நீ சனிக்கிழமை வந்து சேர வேண்டும். மூணாறு வரை லாரி கிடைக்கும், மீதிக்குக் கால் இருக்கிறது. கம்பளி நான்கையும் கொண்டு வா. துரையிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே, அண்ணன் கூப்பிட்டான் என்று சொல். வேலை போனால் போகட்டும். மேல் வயல் தாத்தா சொத்து, அதில் பாதி உன்னுடையது, பன்றியை விரட்டவும் ஆள் வேண்டும்.

எறிய வேண்டியவன் நீ. கம்புக் கொல்லையில் கவண் கல் எறிந்து, பறக்கும் கிளியை விழத் தட்டியவன் உன்னைத் தவிர நம் குடும்பத்தில் கிடையாது. தலையில் படக் கூடாது, காலில் படக் கூடாது, குட்டியின் பக்கமே போகக் கூடாது. பின்தொடையில் பட வேண்டும். வலிக்க வேண்டும். முதலில் மூளிக்காது. அது திரும்பி உன்னைப் பார்க்கும். அப்போது நிறுத்திவிடாதே, அடுத்ததை எறி.

நான் உன் பக்கத்தில் நிற்பேன், கம்பளி போர்த்திக்கொண்டு. உன்னைப் போலவே என்னையும் அவை வெறுக்கட்டும். கல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கூர் இல்லாத கல்லாக ஆற்றில் பார்த்து இன்று காலை முதல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். பாதிச் சாக்கு ஆயிற்று.

முருகன் துணை.

உன் அண்ணன்,
சங்கையா