என் பெயரில் பதிவான அடுத்த வீட்டு நாய்

அனுப்புநர்:
கு. ஆவுடைநாயகம், எம்.ஏ.,
கல்லூரி விரிவுரையாளர் (ஓய்வு),
ஐந்தருவிச் சாலை, அருவிப்பேரி,
குற்றாலம் வழி.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அதிகாரி அவர்கள்,
பஞ்சாயத்து அலுவலகம், அருவிப்பேரி.

பொருள்: ஓயாது குரைக்கும் நாய் – புகார் கொடுத்தவருக்கே நோட்டீஸ் – ஆட்சேபணை.
பார்வை: தங்கள் நோட்டீஸ், நாள் 14.7.1961.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என்னுடைய நாய் குரைத்து அயலாருக்கு இடையூறு செய்வதாகவும், ஏழு தினங்களுக்குள் சமாதானம் கூறாவிடில் அபராதம் விதிக்கப்படும் என்றும் தங்கள் நோட்டீஸ் கூறுகிறது. எனக்கு நாய் கிடையாது. ஐம்பத்தாறு ஆண்டுகளில் ஒரு நாளும் இருந்ததில்லை.

2. அந்த நாய் அடுத்த வீட்டுக்காரர் திரு. சிவனணைந்தபெருமாளுடையது. சாரல் காலத்தில் வெளியூராருக்கு வாடகைக்கு விடும் தம் வீட்டு வாசலில், என் மனைவியின் அறைச் சன்னலுக்கு எட்டடி தூரத்தில், அதைச் சங்கிலியில் கட்டியிருக்கிறார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகும் எவரையும் அது பொறுப்பதில்லை. ஆனி பிறந்தபின் இச்சாலையில் எண்ணெய் தேய்க்காமல் போகிறவர் யார் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

3. என் மனைவி சண்முகசுந்தரிக்கு இருதய நோய். வைகாசிக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தபோது, மருந்தைக் காட்டிலும் பகல் உறக்கமே முக்கியம் என்றார் டாக்டர். இந்த ஐந்து வாரங்களில் அவள் பகலில் கண்ணயர்ந்த நாட்கள், இன்றைய நாளையும் சேர்த்து, மூன்று. மூன்றும் வெள்ளத்தால் அருவியில் குளிக்கத் தடை செய்யப்பட்ட நாட்கள்.

4. அடுத்த வீட்டாரிடம் முறையிட்டேன். "குரைக்காத நாயி உங்க காலேஜ்ல வேணா இருக்கும், சார்வாள். இது நம்ம நாயும் இல்ல. சாரலுக்கு ஒதுங்குனத கட்டிப் போட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றார்.

5. எனவே 26.6.1961 அன்று தங்கள் அலுவலகம் வந்தேன். புகார்ப் படிவத்தில் நாயின் லைசென்ஸ் எண் கேட்கப்பட்டிருந்தது. லைசென்ஸ் எடுக்காத நாய்க்கு எண் இல்லை. எண் இல்லாத புகாருக்குப் பதிவு இல்லை. குமாஸ்தா திரு. சங்கரபாண்டி பரிவோடு வழி சொன்னார்: "பேசாம நீங்களே ஒரு லைசென்ஸ் எடுத்திருங்க, அண்ணாச்சி. நம்பர் வந்திரும்லா? அந்த நம்பர் மேலயே பெட்டிசன் எழுதிருவோம்." இருபத்தெட்டு ஆண்டுகள் தருக்கவியல் போதித்தவன் நான். இருந்தும் கட்டணத்தைச் செலுத்தினேன். அன்று எதற்கும் உடன்பட்டிருப்பேன்.

6. லைசென்சோடு கொடுத்த, 41 என்று எண் பொறித்த தகர வில்லையைத் திரு. சிவனணைந்தபெருமாள் தாமே ஆவலோடு வாங்கி நாயின் கழுத்தில் மாட்டினார். அந்த ஆவலை அப்போதே நான் ஐயுற்றிருக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் எண் நாயின் மீது என் புகார் பதிவாயிற்று. நாற்பத்தொன்றாம் எண்ணின் உரிமையாளர் நான் என்பதால், நோட்டீஸ் எனக்கு வந்தது. அதே எண்ணின் மீது அவரும் ஒரு புகார் கொடுத்திருப்பதாக நோட்டீசின் அடியில் கண்டேன். அவருடைய வாடகைக்காரர்களுக்குத் தூக்கம் கெடுகிறதாம்.

7. நாய் என்னுடையது அன்று என்றால், நோட்டீசை ரத்து செய்து உரியவருக்கு அனுப்புங்கள். என்னுடையதுதான் என்று தங்கள் பதிவேடு சாதிக்குமானால், என் நாயை என் சம்மதமின்றித் தம் வாசலில் கட்டி வைத்திருப்பவர் உடனே அதை என்னிடம் ஒப்படைக்க உத்தரவிடுங்கள். வடகரையில் என் மைத்துனர் குத்தாலிங்கத்துக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அவ்வழியே அருவிக்குப் போவார் எவருமில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் எனக்கு ஆட்சேபணையில்லை. இரண்டிலும் என் மனைவி உறங்குவாள்.

8. இன்று நாய் சும்மா படுத்திருக்கிறது. அவள் உறங்குகிறாள். அதனாலேயே இம்மனுவை எழுதி முடிக்க இயன்றது. வெள்ளம் வடிந்துவிட்டதென்றும் நாளைக் காலை அருவியில் குளிக்கலாமென்றும் சற்றுமுன் சாலையில் தண்டோரா போட்டுச் சென்றார்கள்.

அதற்குள் தங்கள் உத்தரவை வேண்டும்,
கு. ஆவுடைநாயகம்

இடம்: அருவிப்பேரி
நாள்: 18.7.1961