தள்ளுகோழி செய்யும் முறை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். எழுதிவிட்டேன். அங்கே நீயும் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை நீ அத்தானிடம் போனில் சொல்ல, அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியை என்னிடம் சொன்னார். விழுங்கிய பாதியை அவர் முகத்திலேயே பார்த்துக்கொண்டேன்.

என்னிடமிருந்து உன்னிடம் வந்ததிலிருந்து பிள்ளை பாலும் பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்கிறாய். கன்னம் ஒட்டிப்போய்விட்டதாம். பள்ளிக்கூடத்து டீச்சர் உன்னைக் கூப்பிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்தாராம். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாருக்கோ சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட முடியவில்லையே என்று உனக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது என்றாயாம். கேட்டதிலிருந்து நானும் சோற்றைப் பிசைந்து பிசைந்து மூடி வைத்துவிடுகிறேன்.

தள்ளுகோழி வேண்டும் என்று அழுகிறாள், அது என்ன கோழி என்று கேட்டிருக்கிறாய். தள்ளுபடியில் வாங்கிய கோழியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கடையில் அரை விலைக்குக் கிடந்த பொரித்த கோழியை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தாயாமே. அத்தான் சொன்னதும் சிரித்துவிட்டேன். அவள் தட்டைப் பார்த்துவிட்டு விசும்பினாள் என்று அடுத்ததாகச் சொன்னார். சிரித்த வாயை மூடிக்கொண்டேன்.

போனில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் என் குரல் கேட்டால் போனைக் கட்டிக்கொண்டு கதவோரம் போய் உட்கார்ந்துவிடுகிறாள், கொஞ்ச நாளைக்குப் பேச வேண்டாம் அக்கா என்று நீ கேட்டுக்கொண்டாய். போனிலிருந்து என் படத்தையும் எடுத்துவிட்டாய் என்று தெரியும். சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது.

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எங்கள் ஹோட்டல் சமையல்காரர் இதைக் கேசரோல் என்பார். நானோ சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்துவிட்டுக் கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவள். அடுப்படியில் நின்று கிளறிக்கொண்டிருக்க உடம்பு கேட்காது. சுலபமாக ஏதாவது சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு ஓவனுக்குள்ள தள்ளிட்டு, காலை நீட்டி உட்காருங்க" என்றார். வீட்டுக்கு வந்து அதையே நான் சொல்ல, வாண்டு கப்பென்று பிடித்துக்கொண்டாள். தள்ளுகோழி என்ற பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக நறுக்கு. கண்ணாடிப் பாத்திரத்தின் உட்புறம் வெண்ணெய் தடவி, கிழங்கை அடியில் பரப்பு. மேலே கேரட். வெங்காயத்தை நறுக்காதே, துருவிப் போடு. துண்டாகக் கண்ணில் பட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டைச் சுற்றி மதில் கட்டிவிடுவாள். எலும்பில்லாத தொடைக்கறியை அவள் வாய்க்குத் தகுந்த மாதிரி வெட்டி, உப்பும் மிளகுத்தூளும் பிரட்டி அதன் மேல் வை. நெஞ்சுக்கறி வேண்டாம். பஞ்சு மாதிரி ஆகிவிடும், கன்னத்தில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு வாணலியில் வெண்ணெயை உருக்கி, ஒரு கரண்டி மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறு. துணிக்குப் போடும் கஞ்சிப் பதம் வந்ததும் உப்பைச் சரிபார்த்து இறக்கி, கோழியின் மேல் ஊற்று. உன் கை அவசரக் கை. சின்ன வயதில் பாலைக்கூடக் கொதிக்க விடாமல் இறக்கிவிடுவாய். இதற்காவது நின்று நிதானமாகக் கிளறு, இல்லாவிட்டால் கட்டி தட்டிவிடும்.

மூடி போட்டு ஓவனில் வை. முன்கூட்டிச் சூடாக்காதே, பாத்திரம் உள்ளே போன பிறகு போட்டால் போதும். மிதமான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கத்தி முனை கிழங்கில் தடையில்லாமல் இறங்கி, கறியும் உள்வரை வெந்திருந்தால் மூடியை எடுத்து, ரொட்டித்தூளும் துருவிய சீஸும் தூவி, மேலே பொன்னிறமாகும் வரை விடு. எடுத்தவுடன் பரிமாறாதே, நாக்கைச் சுட்டுக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். ஓரத்தில் முறுகிப் பிடித்திருப்பது அவளுக்கு. அதில் அத்தானுக்குக்கூடப் பங்கு கிடையாது.

இங்கே நான் இன்னும் அதே பெரிய பாத்திரத்தில்தான் செய்கிறேன். சின்னது வீட்டில் இல்லை. மிச்சமாகிறது. அத்தான் மறுநாள் லிஃப்ட் பழுதுபார்க்கப் போகும்போது டப்பாவில் எடுத்துப் போகிறார், அப்படியும் மிச்சமாகிறது. புறப்பட்ட அன்றைக்கு அவள் என் காதுக்குள் வாயை வைத்து, "மொத்தத்தையும் தின்னுடாத, எனக்கு வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். படியிறங்கும்போது கீழ்வீட்டுத் தையல்காரரிடம், வாசலில் காய்கறி விற்கிறவரிடம், எதிரே வந்த யாரோ ஒருவரிடம், எல்லாரிடமும் போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டே போனாளே, நினைவிருக்கிறதா? நாமெல்லாம் வாய்ப்பழக்கத்தில் சொல்கிற வார்த்தை. அவள் ஒருத்திதான் அதை நிஜமாகவே சொன்னாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவள் உன்னைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறாள், அதுதான் உனக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய வலி என்று தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. போனில் நீ வரும்போதெல்லாம் அம்மா பேசுறா பாரு என்றுதான் அவள் கையில் கொடுப்பேன். ஒரு நாள் அவளே கணக்குப் போட்டுவிட்டாள். வீட்டில் இருக்கிறவள் பெரியம்மா என்றால், போனுக்குள் இத்தனூண்டு தெரிகிறவள் சின்னம்மாதானே என்றாள். அத்தான் சிரித்தார், நான் சிரித்தேன், போனில் நீயும் சிரித்தாய். அவளைக் கூட்டிப் போக நீ நேரில் வந்து கையை விரித்து நின்றபோது அவள் அதையே சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. என்னையும் அவள் முழுசாகக் கூப்பிட்டதில்லை. அவசரத்தில் பெரிய என்பது வாய்க்குள்ளேயே போய்விடும், அம்மா மட்டும்தான் வெளியே கேட்கும். கோபம் வந்தால்தான் முழுப் பெரியம்மா.

அதட்டித் திருத்தாதே. அவள் அப்பா போன கையோடு, நடை பழகாத பிள்ளையை என் இடுப்பில் வைத்துவிட்டுப் பிழைப்புக்குப் போனவள் நீ. உன்னைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. முதலில் அவள் வயிறு நிறையட்டும். சாப்பிட்டாள் என்று ஒரு வார்த்தை அத்தானிடம் சொல், எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
அக்கா

---

அன்புத் தங்கைக்கு,

மறுபடியும் அக்காதான். கோபமாக இருப்பாய், இருந்தாலும் படி.

நீ செய்து வைத்தாயாம். பார்க்க அவ்வளவு அழகாக வந்திருந்ததாம். அவள் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "இது தள்ளுகோழி இல்ல, தள்ளவே இல்லையே" என்று தட்டை நகர்த்திவிட்டாளாம். நீ அத்தானிடம் அழுதிருக்கிறாய். அக்கா எதையோ சொல்லாமல் மறைத்துவிட்டாள், பிள்ளையைத்தான் கொடுத்தாள், மனசை இன்னும் தன் கையிலேயே வைத்திருக்கிறாள் என்றாயாம். ஆத்திரத்தில் சொன்னது என்று அத்தான் சமாதானம் சொன்னார். எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டாய். அன்றைக்கு வேலையில் என் கை ஓடவில்லை. ஒரே விரிப்பை மறுபடி மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன் என்று மேற்பார்வையாளர் அம்மா வந்து பிடுங்கிக்கொண்டார்.

நான் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்றே நினைத்தேன். அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. ஓவனை முன்கூட்டிச் சூடாக்காதே என்று எழுதியிருந்தேன். நீ சூடாக்கித்தான் வைத்திருப்பாய். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அக்கா ஏதோ மறதியில் மாற்றி எழுதிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். நான் சூடாக்காமல் வைப்பதற்கும் சமையலுக்கும் சம்பந்தமில்லை. அவள் கை சுட்டுவிடக் கூடாது என்பதற்காக.

பாத்திரத்தை உள்ளே தள்ளுவது அவள். முழங்கை வரை வரும் என்னுடைய கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். பாத்திரத்தை நான் பிடித்திருப்பேன், அவள் கை என் கை மேல் இருக்கும். கூடத்திலிருந்து அத்தான், "வண்டி நின்னுபோச்சு, எல்லாரும் இறங்கித் தள்ளுங்க" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பேருந்தையே நகர்த்துகிற மாதிரி தள்ளுவாள். கதவை மூடி, குமிழைத் திருப்புவதும் அவள்தான். அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துச் சண்டையெல்லாம் கோழிக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். சமையல்காரர் சொன்னதை வைத்து வந்த பெயர் என்று போன கடிதத்தில் பெரிதாக எழுதியிருந்தேன். அது தப்பு. தான் தள்ளுவதால்தான் அவள் அந்தப் பெயரை வைத்திருக்கிறாள். கூடவே இருந்த எனக்கே அது இப்போதுதான் தெரிகிறது.

அதனால் இனிமேல் நீ பாத்திரத்தைப் பிடி, அவள் தள்ளட்டும். குளிர்ந்த ஓவனில் வைப்பதால் நேரம் கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும். உள்ளே சூடேறிய பிறகு கதவைத் தொட விடாதே, கண்ணாடியிலிருந்து தள்ளி உட்கார வை. வண்டி நின்னுபோச்சு என்று மட்டும் நீ சொல்லாதே. அது அத்தானுடையது, கேட்டால் இந்த வீட்டு ஞாபகம் வந்துவிடும். நீ வேறு ஏதாவது சொல். உங்கள் இருவருக்கும் என்று புதிதாக ஒன்று இருக்கட்டும். வெந்து முடியும் வரை நீயும் அவளோடு தரையில் உட்கார். துணி மடிக்கப் போகாதே, போனை எடுக்காதே. அவள் கோழிக்குச் சொல்வதெல்லாம் பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான்.

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தரம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அவள் வேண்டும். வேலை விட்டு வந்து கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. அத்தான் லிஃப்ட் பற்றி ஏதேதோ பேசுகிறார், நானும் உம் கொட்டுகிறேன். யார் முதலில் அவள் பேச்சை எடுப்பது என்று இருவருக்குமே தைரியம் இல்லை. ஆனால் அவள் உன் பிள்ளை. மனசை நான் கையில் வைத்திருக்கவில்லையடி. வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் அனுப்பியே இருக்க மாட்டேன்.

நீ கடைசியாகச் சொன்னதையும் அத்தான் சொன்னார். சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். ஒரு மத்தியானம் அவள் தூக்கத்தில் அம்மா என்று கூப்பிட்டாளாம். "என்னைக் கூப்பிட்டாளா, அக்காவைக் கூப்பிட்டாளான்னு தெரியல, போகலாமா வேண்டாமான்னு வாசல்லயே நின்னுட்டேன்" என்றாயாம். நீ போவதற்குள் அவள் புரண்டு படுத்துவிட்டாளாம்.

உன்னைத்தான் கூப்பிட்டாள். அதில் சந்தேகமே படாதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அக்கா உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அடுத்த தரம் அவள் கூப்பிட்டால் வாசலில் நிற்காதே. யாரை நினைத்துக் கூப்பிட்டாலும், என்னம்மா என்று கேட்க அங்கே நீ ஒருத்திதான் இருக்கிறாய். ஓடிப் போய்க் கேள்.

உன் அக்கா,
அவளுக்குப் பெரியம்மா